நெட்வொர்க் டிரைவரில் குறுக்கீட்டு அமைப்பைச் சீரமைப்பது என்றால் என்ன?

லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்படும் மாற்றங்களின் பட்டியலைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களின் கண்ணில், ஏதாவதொரு நெட்வொர்க் டிரைவரில் இன்டரப்ட் அமைப்பைச் சீரமைத்ததாகச் சொல்லும் தலைப்பு அடிக்கடி படும். இத்தகைய மாற்றங்களைப் பற்றி நிரல் எழுதுபவர்களிடையேகூட இரண்டு கருத்துகள் புழங்குகின்றன. இது வெறும் வெள்ளையடிப்பு வேலை, பழைய வரிகளைச் சுருக்கி அழகாக எழுதுவதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை என்பது ஒரு கருத்து. இன்டரப்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் நெட்வொர்க் கார்டின் வேகம் கூடும், அதற்காகத்தான் இதைச் செய்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை. ஒரு டிரைவர் கெர்னலிடமிருந்து கடனாக வாங்கிய ஒவ்வொன்றையும் எப்போது வாங்கியது, எந்த வரிசையில் வாங்கியது, எந்த வரிசையில் திருப்பித் தரப்போகிறது என்பவை நிரலைப் படித்த மாத்திரத்தில் விளங்கும்படி செய்வதே இந்தச் சீரமைப்பு. இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, இன்டரப்ட் என்பது என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

வாசல் மணி

பால்காரர் வந்துவிட்டாரா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்ப்பவர் யாருமில்லை. மணி அடித்தால், கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் பாலை வாங்கி வைத்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறோம். கணினியின் ப்ராசஸரும் அவ்வாறே நடந்துகொள்கிறது. நெட்வொர்க் கார்டில் ஒரு பாக்கெட், அதாவது நெட்வொர்க் வழியாக வரும் தரவின் ஒரு சிறு பொட்டலம், வந்து இறங்கியதும், கார்டு ப்ராசஸருக்கு ஒரு சைகை அனுப்புகிறது; ப்ராசஸர் தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, அந்தச் சைகைக்கென்று ஒதுக்கப்பட்ட சிறு வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிறது. அந்தச் சைகைதான் இன்டரப்ட். தமிழில் குறுக்கீடு என்கிறோம்.

இங்கே மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி; நினைவகம், ப்ராசஸர், கருவிகள் ஆகிய அனைத்தையும் பங்கிட்டுத் தருவது அதன் பொறுப்பு. டிரைவர் என்பது குறிப்பிட்ட ஒரு கருவியின் நடைமுறைகளை அறிந்து, அந்தக் கருவிக்கும் கெர்னலுக்கும் இடையே நின்று வேலை செய்யும் நிரல். ஹேண்ட்லர் என்பது குறுக்கீடு வந்தவுடன் ஓட வேண்டிய, டிரைவருக்குள்ளே இருக்கும் ஒரு ஃபங்ஷன்; ஃபங்ஷன் என்பது பெயரிட்டுக் கூப்பிடக்கூடிய ஒரு நிரல் துண்டு. டிரைவர் கெர்னலிடம், "இந்த எண்ணுள்ள மணி அடித்தால் இந்த ஹேண்ட்லரைக் கூப்பிடு; கூப்பிடும்போது இந்த அடையாளச் சீட்டை அதன் கையில் கொடு" என்று பதிவு செய்துகொள்கிறது. அடையாளச் சீட்டு என்று இங்கே நான் சொல்வது, அந்தக் கார்டின் விவரங்கள் நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரியை. இந்தச் சீட்டை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விபத்துகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே நடக்கின்றன.

பந்தியில் பரிமாறுவதுபோல

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு குறுக்கீடு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முடியாத காரியம் என்று தெரிந்துவிடும். நொடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் இணைப்பில், மிகச் சிறிய பாக்கெட் 64 பைட் அளவுடையது; அதற்கு முன்னும் பின்னும் வரும் அறிவிப்பையும் இடைவெளியையும் சேர்த்தால் 84 பைட் ஆகிறது. அப்படியானால் நொடிக்கு ஏறக்குறைய 14,88,000 பாக்கெட்டுகள் வரலாம். அத்தனை முறை வேலையை நிறுத்தித் தொடங்கினால், ப்ராசஸர் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருக்குமே தவிர, வாங்கிய பாலைக் காய்ச்ச அதற்கு நேரம் கிடைக்காது. இந்த நிலைக்கு ரிசீவ் லைவ்லாக் என்று பெயர். ஜெஃப்ரி மொகல், கே.கே. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1996-ல் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

லினக்ஸ் இதற்குக் கையாளும் வழிக்கு நேப்பி என்று பெயர். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பந்தியில் முதலில் ஒருவர் "சாம்பார்" என்று கூப்பிடுகிறார். வாளியோடு வருபவர் அவருக்கு மட்டும் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போவதில்லை. வந்ததுதான் வந்தோம் என்று அந்த வரிசை முழுவதையும் பார்த்துக்கொண்டே போகிறார். அந்த நேரத்தில் வேறு யாரும் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. நேப்பியும் அப்படித்தான்: முதல் பாக்கெட் குறுக்கீட்டை எழுப்புகிறது, ஹேண்ட்லர் கார்டின் குறுக்கீட்டை உடனே அடக்கிவிட்டு, "நான் வருகிறேன்" என்று குறித்து வைத்துவிட்டு வெளியேறுகிறது, பிறகு கெர்னல் வரிசையில் காத்திருக்கும் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது. ஒரு சுற்றில் வழக்கமாக 64 பாக்கெட்டுகள் வரை எடுக்கலாம். வரிசை காலியானால் குறுக்கீட்டை மீண்டும் திறந்துவிடும். காலியாகவில்லையென்றால் மற்ற வேலைகளுக்கும் இடம் விட்டு, மறுபடியும் வரும்.

ஆக, ஹேண்ட்லர் செய்யும் வேலை மிகச் சிறியது. அது பாக்கெட்டைத் தொடுவதுகூட இல்லை. பரிமாறுபவருக்குச் சொல்லி அனுப்புவதோடு அதன் பணி முடிகிறது. ஆனால் அந்தச் சிறிய வேலைக்கும், கார்டின் விவரங்கள் இருக்கும் நினைவகம் அதன் இடத்தில் பத்திரமாக இருந்தாக வேண்டும்.

ஒரே மணி, பல வீடுகள்

கணினியில் கார்டுகளைச் செருகி இணைக்கும் பழைய பிசிஐ அமைப்பில் குறுக்கீட்டுக்கென்று நான்கு கம்பிகள் மட்டுமே இருந்தன. கார்டுகள் பல, கம்பிகள் நான்கு. ஆகவே ஒரே கம்பியைப் பல கருவிகள் பகிர்ந்துகொண்டன. ஒரு மாடிக் குடியிருப்பில் நான்கு வீட்டுக்கும் பொதுவாக ஒரே மணி இருந்தால் என்ன ஆகும்? மணி அடித்ததும் நான்கு வீட்டிலிருந்தும் ஆள் எட்டிப்பார்த்து, "எனக்கா?" என்று கேட்க வேண்டும். பகிரப்பட்ட கம்பியிலும் ஒவ்வொரு டிரைவரின் ஹேண்ட்லரும் தன் கார்டைப் பார்த்து, "என்னுடையதுதான்" என்றோ "என்னுடையது இல்லை" என்றோ கெர்னலுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லோருமே இல்லை என்று சொல்லிக்கொண்டேயிருந்தால், அதாவது 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கு மேல் யாரும் பொறுப்பேற்காமல் போனால், "நோபடி கேர்ட்" (யாரும் கண்டுகொள்ளவில்லை) என்ற செய்தியைத் தன் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கெர்னல் அந்தக் கம்பியையே துண்டித்துவிடும். அந்தக் கம்பியில் இருந்த மற்றக் கருவிகளும் அதோடு ஊமையாகிவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் எம்எஸ்ஐ. இதில் கம்பியே கிடையாது. கார்டு, குறிப்பிட்ட ஒரு முகவரியில் குறிப்பிட்ட ஓர் எண்ணை எழுதுகிறது. அந்த எழுத்தே குறுக்கீடாக மாறுகிறது. பொதுமணியை அடிப்பதற்குப் பதிலாக, உரியவரின் கைபேசிக்கு நேராகச் செய்தி அனுப்புவதற்கு ஒப்பானது இது. யாரோடும் பகிர வேண்டியதில்லை, "எனக்கா?" என்ற கேள்வியும் இல்லை. இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. கம்பி வழியாக மணி அடித்த காலத்தில், பாக்கெட்டின் தரவு நினைவகத்தை அடைவதற்கு முன்பே மணியோசை ப்ராசஸரை அடைந்துவிட வாய்ப்பிருந்தது. அதனால் டிரைவர் முதலில் கார்டின் ரெஜிஸ்டர் எனப்படும் சிறு தரவு இடம் ஒன்றைப் படித்து, வழியில் இருக்கும் தரவெல்லாம் வந்து சேர்ந்துவிட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. எம்எஸ்ஐ செய்தியோ தரவு சென்ற அதே பாதையில், தரவுக்குப் பின்னால் போகிறது. செய்தி வந்துவிட்டால், தரவு முன்னமே வந்துவிட்டது என்று பொருள்.

ஒரு கருவி எம்எஸ்ஐ முறையில் அதிகபட்சம் 32 தனித்தனிக் குறுக்கீடுகளைக் கேட்கலாம். அடுத்து வந்த எம்எஸ்ஐ-எக்ஸ், 2004-ல் வெளியான பிசிஐ 3.0 தரநிலையில் இடம்பெற்றது. அதில் ஒரு கருவிக்கு 2,048 வரை இடமுண்டு. இந்தத் தனித்தனிக் குறுக்கீடுகள் ஒவ்வொன்றையும் வெக்டர் என்கிறோம். நெட்வொர்க் கார்டில் பாக்கெட்டுகளைப் பிரித்து வைக்கப் பல வரிசைகள் இருப்பதால், வரிசைக்கு ஒரு வெக்டர் என்று கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ப்ராசஸர் கோருக்கு, அதாவது ப்ராசஸருக்குள் தனித்து வேலை செய்யும் ஒவ்வொரு பகுதிக்கு, அனுப்ப முடிகிறது.

இங்கேதான் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் கூடும் என்ற எண்ணம் பிறக்கிறது. எட்டுக் கோர் உள்ள இயந்திரத்தில் எட்டு வரிசைக்கு எட்டு வெக்டர் கொடுப்பதில் பொருளிருக்கிறது. அறுபத்து நான்கு கொடுத்தால், ஒவ்வொரு கோரின் வாசலிலும் எட்டு மணியைக் கட்டித் தொங்கவிட்டதாகவே முடியும். மேலும், நம் மேசைக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 வகை ப்ராசஸரில் ஒரு கோருக்கு மொத்தம் 256 வெக்டர்கள்தான். அவற்றில் முதல் 32 ப்ராசஸரின் சொந்தத் தேவைக்கு ஒதுக்கப்பட்டவை, மிச்சத்திலும் கெர்னல் தனக்கென்று சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. வெக்டர் என்பது அளவான சரக்கு. வேண்டிய அளவுக்குக் கேட்பதும், கிடைத்ததைக் கொண்டு வேலையைத் திட்டமிடுவதும், வேலை முடிந்ததும் திருப்பித் தருவதும்தான் நல்ல டிரைவரின் இலக்கணம்.

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கிச் சொன்னால்: குறுக்கீடு கார்டிலிருந்து வரும் அழைப்பு, ஹேண்ட்லர் அந்த அழைப்பை ஏற்கும் ஃபங்ஷன், பாக்கெட்டுகளை எடுப்பது நேப்பியின் வேலை, அழைப்பு வரும் வழி பொதுக்கம்பி, எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் என மூன்று வகைப்படும்.

குப்பை சேர்ந்த விதம்

மூன்று வழிகளில் எது கிடைக்கும் என்பது இயந்திரத்தைப் பொறுத்தது. எனவே டிரைவர் எழுதியவர்கள், முதலில் எம்எஸ்ஐ-எக்ஸ் கேட்டுப் பார்ப்பது, இல்லையென்றால் எம்எஸ்ஐ, அதுவும் இல்லையென்றால் கம்பி என்று படிப்படியாக இறங்கி வரும்படி நிரலை அமைத்தார்கள். கொள்கை சரிதான். ஆனால் அதைச் செய்வதற்குக் கெர்னல் கொடுத்திருந்த பழைய ஃபங்ஷன் மிகவும் குழப்பமானது. எம்எஸ்ஐ-எக்ஸ் கேட்டால் அது மூன்று விதமாகப் பதில் சொல்லும். பூஜ்யம் என்றால் கேட்டது முழுவதும் கிடைத்தது. குறை எண் என்றால் தோல்வி. மிகை எண் என்றால், "கேட்ட அளவு இல்லை, இத்தனைதான் தர முடியும்; ஆனால் இப்போது எதையும் தரவில்லை" என்று பொருள். வாடகைப் பாத்திரக் கடையில் நூறு தட்டு கேட்டவரிடம், "அறுபதுதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அறுபதையும் எடுத்துத் தராமல், மறுபடி வரிசையில் நின்று அறுபது என்று கேட்கச் சொல்வது போன்றது இது. இதற்கென்று ஒவ்வொரு டிரைவரும் தன் பங்குக்கு, திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும் ஒரு சுழற்சியை எழுதிக்கொண்டது. மிகை எண்ணைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, வெற்றி என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

அதோடு முடியவில்லை. எந்த வழி கிடைத்தது என்பதை நினைவில் வைக்க, டிரைவர் தனக்குள் ஃபிளாக் எனப்படும் அடையாளக் குறிகளை வைத்துக்கொண்டது. பிறகு ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் இடத்தில் அந்த ஃபிளாக்குகளைப் பார்த்து மூன்று கிளை. பதிவை நீக்கும் இடத்தில் மூன்று கிளை. கணினி உறங்கப் போகும்போது மூன்று, விழிக்கும்போது மூன்று. கார்டைத் தற்காலிகமாக நிறுத்தி மீண்டும் தொடங்கும்போது இன்னும் மூன்று. ஒரே உண்மையை ஐந்து இடத்தில் எழுதி வைத்தால், என்றாவது ஒருநாள் ஓரிடத்தில் மட்டும் அது மாற்றப்படும். எம்எஸ்ஐ-எக்ஸ் பயன்படுத்திய டிரைவர், உறங்கி விழித்த பிறகு கம்பி வழிக்கு இறங்கியிருக்கும். பழைய ஃபிளாக் அழிக்கப்படாமல் நிற்கும். மூடும்போது, தான் பதிவு செய்யாத வெக்டர்களின் பதிவை நீக்கப் போகும். இப்படிப்பட்ட பிழை அன்றாடப் பயன்பாட்டில் தென்படாது. யாரோ ஒருவரின் மடிக்கணினி, மூடித் திறந்தால் மட்டும் உறைந்துபோகிறது என்ற புகாராகவே அது வெளிவரும்.

2014-ல் வெளியான லினக்ஸ் 3.14, பேரம் பேசும் சுழற்சியைக் கெர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தது: குறைந்தபட்சம் இத்தனை, அதிகபட்சம் இத்தனை என்று சொன்னால், கிடைத்த எண்ணிக்கை பதிலாக வரும். 2016-ல் வெளியான லினக்ஸ் 4.8 அதற்கும் ஒரு படி மேலே போனது. பிசிஐ-அலாக்-ஐஆர்க்யூ-வெக்டர்ஸ் என்ற ஒரே ஃபங்ஷனிடம் குறைந்தபட்சம், அதிகபட்சம், ஏற்றுக்கொள்ளும் வழிகள் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால், எம்எஸ்ஐ-எக்ஸிலிருந்து கம்பி வரை இறங்கி வரும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். எந்த வழி கிடைத்திருந்தாலும், இத்தனையாவது வெக்டரின் குறுக்கீட்டு எண் என்ன என்று கேட்க ஒரே ஃபங்ஷன். எல்லாவற்றையும் திருப்பித் தர ஒரே ஃபங்ஷன். டிரைவருக்குள் இருந்த ஃபிளாக்குகளும், வெக்டர் விவரங்களை வைத்திருந்த தனி அட்டவணையும், மும்மூன்று கிளைகளும் தேவையற்றுப் போயின. சீரமைப்பு மாற்றங்களில் வரிகள் நூற்றுக்கணக்கில் குறைந்தால், அது சிக்கனத்துக்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம். எந்த வழி நடப்பில் இருக்கிறது என்ற உண்மை இப்போது கெர்னலிடம் ஒரே இடத்தில் இருக்கிறது, அதன் நகல்கள் அழிக்கப்பட்டுவிட்டன.

வந்த வழியே திரும்புதல்

சீரமைப்பின் உயிர்நாடி, எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற வரிசைமுறையில் இருக்கிறது. பொதுவாக ஒரு நெட்வொர்க் டிரைவர் கார்டோடு இணையும்போது வெக்டர்களை வாங்குகிறது. நெட்வொர்க் இடைமுகத்தை, அதாவது ஈத்0 போன்ற பெயரில் கெர்னல் நமக்குக் காட்டும் இணைப்பை, நாம் இயக்கும்போது பாக்கெட் வரிசைகளுக்கு நினைவகம் ஒதுக்கி, வெக்டர் ஒவ்வொன்றுக்கும் ஹேண்ட்லரைப் பதிவு செய்து, நேப்பியைத் தொடங்கி, கடைசியாகக் கார்டிடம் "இனி நீ கூப்பிடலாம்" என்று சொல்கிறது. மூடும்போது இந்த வரிசை தலைகீழாக நடக்க வேண்டும். முதலில் கார்டின் வாயை அடைக்க வேண்டும். பிறகு நேப்பியை நிறுத்தி ஹேண்ட்லர்களின் பதிவை நீக்க வேண்டும். அதற்குப் பின்னரே வரிசைகளின் நினைவகத்தை விட வேண்டும். டிரைவர் கார்டைவிட்டு நீங்கும் தறுவாயில் வெக்டர்களைத் திருப்பித் தர வேண்டும். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, வாடகைக்கு வந்த அண்டாவைத் தூக்கி வண்டியில் ஏற்ற முடியாது.

பதிவை நீக்கும் ஃப்ரீ-ஐஆர்க்யூ என்ற ஃபங்ஷன் இதில் ஒரு பெரிய உதவி செய்கிறது. வேறொரு கோரில் அந்த ஹேண்ட்லர் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை இது திரும்பி வராது, காத்திருக்கும். ஆகவே இது திரும்பி வந்துவிட்டது என்றால், இனி அந்த ஹேண்ட்லர் நம் அடையாளச் சீட்டோடு ஓடாது என்பது உறுதி. அந்த உறுதி கிடைத்த பிறகே நினைவகத்தை விட வேண்டும். வரிசை மாறி, நினைவகத்தை முதலில் விட்டுவிட்டால், ஹேண்ட்லர் கையில் இருக்கும் சீட்டு வேறொருவர் குடியேறிவிட்ட வீட்டின் முகவரியாகிவிடும்.

பாதி வழியில் தடுக்கி விழும்போது என்ன செய்வது என்பதை நெருங்கிப் பார்ப்போம். எட்டு வெக்டர்கள்; எண்ணிக்கை 0-விலிருந்து 7 வரை. 0, 1, 2, 3 ஆகிய நான்குக்கும் ஹேண்ட்லர் பதிவாகிவிட்டது. 4-க்குப் பதிவு செய்யும்போது கெர்னல் மறுத்துவிடுகிறது. இப்போது டிரைவர் 3, 2, 1, 0 என்று பின்னோக்கி வந்து, தான் பதிவு செய்த நான்கை மட்டும் நீக்க வேண்டும். பழைய டிரைவர்களில், இந்த இடத்தில் வழக்கமான மூடும் ஃபங்ஷனையே கூப்பிட்டுவிடுவார்கள். அது 0 முதல் 7 வரை எட்டையும் நீக்கப் போகும். பதிவே ஆகாத நான்குக்கும், ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட குறுக்கீட்டை விடுவிக்க முயல்கிறாய் என்று கெர்னல் எச்சரிக்கை எழுதும். நான் திருத்த எடுத்துக்கொண்ட முதல் டிரைவரில் இதே பிழைதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்ததற்குக் காரணம், பதிவு தோற்பது என்பது சோதனை மேசையில் நடக்கவே நடக்காத ஒன்று. வேண்டுமென்றே தோல்வியை உண்டாக்கிய பிறகே அந்த எச்சரிக்கை திரையில் வந்தது.

வெக்டர்களைத் திருப்பித் தருவதற்கு முன் அவற்றின் மேலுள்ள பதிவுகள் எல்லாம் நீங்கியிருக்க வேண்டும் என்பதும், பதிவை நீக்குவதற்கு முன், இந்தக் குறுக்கீட்டை இந்தக் கோருக்கு அனுப்பினால் நல்லது என்று டிரைவர் கொடுத்திருந்த பரிந்துரையை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் இதே வரிசையின் கண்ணிகள். இரண்டாவதை மறந்தால் கெர்னல் எச்சரிக்கும், ஏனென்றால் அந்தப் பரிந்துரையும் டிரைவரின் நினைவகத்தைச் சுட்டும் ஒரு முகவரிதான்.

இந்தப் பகுதியில் மனதில் நிற்க வேண்டியவை இரண்டு: வாங்கிய வரிசைக்குத் தலைகீழாகத் திருப்பித் தருதல், வாங்கியதை மட்டும் திருப்பித் தருதல்.

தானாகவே திருப்பித் தரும் வசதி

மறதிக்கு மருந்தாகக் கெர்னலில் டெவ்ரெஸ் என்ற வசதி இருக்கிறது. அதன் வழியாக ஹேண்ட்லரைப் பதிவு செய்தால், டிரைவர் கார்டைவிட்டு நீங்கும்போது கெர்னலே அந்தப் பதிவை நீக்கிவிடும். புதிதாக வருபவர்கள் பலர், எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிட்டால் சீரமைப்பு முடிந்தது என்று எண்ணுகிறார்கள். இதில் நான் மிகவும் கவனம் தேவை என்று சொல்வேன்.

கெர்னல் தானாக நீக்கும் வேலையை எப்போது செய்கிறது என்பதுதான் கேள்வி. டிரைவரின் சொந்த விலகல் ஃபங்ஷன் முழுவதும் ஓடி முடிந்த பிறகே அது தொடங்குகிறது. அந்த விலகல் ஃபங்ஷனின் கடைசி வரியில், கார்டின் விவரங்கள் அடங்கிய நினைவகத்தை டிரைவர் கையால் விடுவித்திருந்தால், அந்த வரிக்கும் கெர்னல் பதிவை நீக்கும் நொடிக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியில் பதிவு உயிரோடு இருக்கிறது. அது காட்டும் வீடு இடிக்கப்பட்டுவிட்டது. நம் கார்டு அமைதியாக இருந்தாலும், பொதுக்கம்பியில் இருக்கும் வேறொரு கருவி மணி அடித்தால் போதும், நம் ஹேண்ட்லரும் கூப்பிடப்படும். இந்த ஆபத்தை வெளிக்கொணரவே கெர்னலில் ஒரு சோதனை வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், பகிரப்பட்ட குறுக்கீட்டின் பதிவை நீக்கும் வேளையில் கெர்னல் வேண்டுமென்றே அந்த ஹேண்ட்லரை ஒருமுறை கூடுதலாகக் கூப்பிடும். வரிசை தவறியிருந்தால் அங்கேயே அம்பலமாகிவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் தானாகத் திரும்பும் முறைக்கு மாற்ற வேண்டும். அல்லது எல்லாவற்றையும் கையால் வரிசைப்படி செய்ய வேண்டும். பாதியை இப்படியும் பாதியை அப்படியும் வைப்பதுதான் ஆபத்து. இடைமுகத்தை இயக்கும்போது வாங்கி நிறுத்தும்போது விடும் பொருள்களுக்குக் கையால் செய்வதே பொருத்தம் என்பது என் கருத்து, ஏனென்றால் ஓர் இடைமுகம் ஒரே நாளில் பலமுறை இயக்கி நிறுத்தப்படலாம். டிரைவர் விலகுவதோ எப்போதாவதுதான்.

பெயரில் உள்ள செய்தி

ஹேண்ட்லரைப் பதிவு செய்யும்போது ஒரு பெயரையும் கொடுக்கிறோம். லினக்ஸில் ப்ராக் கோப்பகத்திலுள்ள இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்தால், அந்தப் பெயர்களைப் பார்க்கலாம். வரிக்கு ஒரு குறுக்கீடு. முதலில் அதன் எண், அடுத்து ஒவ்வொரு கோரிலும் அது எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை, கடைசியில் பெயர். ஒரு நல்ல டிரைவர் ஈத்0-டிஎக்ஸ்ஆர்எக்ஸ்-0, ஈத்0-டிஎக்ஸ்ஆர்எக்ஸ்-1 என்று இடைமுகத்தின் பெயர், அனுப்புதல்-பெறுதல் என்பதன் சுருக்கம், வரிசை எண் ஆகியவற்றோடு பெயரிடுவதால், எந்த வரிசைக்கு அதிகமான பாக்கெட் வருகிறது என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

கெர்னல் இந்தப் பெயரை நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை. பெயர் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டுமே குறித்துக்கொள்கிறது. டிரைவர் அந்தப் பெயரை ஒரு ஃபங்ஷனுக்குள் தற்காலிகமாக உருவாக்கிக் கொடுத்திருந்தால், ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் வேறொன்றுக்குப் போய்விடும்; கோப்பைத் திறந்து பார்ப்பவருக்குப் பெயருக்குப் பதிலாகப் புரியாத எழுத்துக் குவியல் தெரியும். இன்னொரு தவறும் உண்டு. இடைமுகத்தைக் கெர்னலில் பதிவு செய்யும்வரை அதற்கு எண் கிடைக்காது. அதன் பெயர் "ஈத்", அதையடுத்துச் சதவீதக் குறி, பிறகு "டி" என்ற எழுத்து, இவ்வாறு நிரப்பப்படாத படிவமாகவே இருக்கும். அதற்கு முன்பே பெயரை நகலெடுத்துக் குறுக்கீட்டுக்குச் சூட்டிய டிரைவரில், அந்த வெற்றுப் படிவமே நிலைத்துவிடும். நிர்வாகி தன் சர்வரில் நான்கு கார்டுக்கும் ஒரே படிவப் பெயரைப் பார்த்துவிட்டு, எது எந்தக் கார்டு என்று தெரியாமல் நிற்பார். பெயரைச் சரியான இடத்தில், இடைமுகம் இயங்கும்வரை அழியாத நினைவகத்தில் வைப்பதும் சீரமைப்பின் ஒரு பகுதியே.

சீராகிவிட்டதா என்று பார்ப்பது

படித்துப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. சோதனைக்குரிய ஓர் இயந்திரத்தில் டிரைவரை ஏற்றி, இடைமுகத்தை இயக்கி, இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து, எதிர்பார்த்த எண்ணிக்கையில் வரிகள் இருக்கின்றனவா, பெயர்கள் சரியா என்று பார்க்க வேண்டும். வேறொரு கணினியிலிருந்து பாக்கெட்டுகளை அனுப்பி, எண்ணிக்கைகள் பல கோர்களிலும் ஏறுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். பாக்கெட்டுகள் வந்துகொண்டிருக்கும்போதே இடைமுகத்தை நிறுத்த வேண்டும். அமைதியான நேரத்தில் நிறுத்திப் பார்ப்பது சோதனையே ஆகாது. நிறுத்தியதும் வரிசைகளுக்குரிய வரிகள் கோப்பிலிருந்து மறைய வேண்டும். மீண்டும் இயக்கி, மீண்டும் நிறுத்தி, இதை நூறு முறை தானாகச் செய்யும்படி ஒரு சிறு நிரலை எழுதி ஓடவிட வேண்டும். கணினியை உறங்க வைத்து எழுப்ப வேண்டும். எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் இரண்டையும் மறுக்கும்படி கெர்னலைத் துவக்கி, கம்பி வழியிலும் இவை அனைத்தையும் ஒருமுறை செய்ய வேண்டும், ஏனென்றால் அந்தப் பாதையில் நடந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கடைசியாக டிரைவரை இறக்கிவிட்டு, கெர்னல் பதிவேட்டை மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டும். அதில் அந்தக் கார்டின் பெயரில் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல், இன்டரப்ட்ஸ் கோப்பில் அதன் வரி ஒன்றுகூட மிஞ்சாமல் இருந்தால், மாற்றத்தை மற்றவர்களின் பார்வைக்கு அனுப்பலாம்.